பார்த்தால் சாப்பிடாது

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். நம் கேமராக்காரர் இன்னும் கெட்டிக்காரர். கடையில் தேடி ஒரு பல்லிக்குட்டியை வாங்கிவந்து மனைவியின் மடியில் விட்டார்.

கேமராக்காரர் என்றால் கல்யாணத்தில் படம் பிடிக்கிறவர் இல்லை. கடை, கிடங்கு, மாடிப்படி என்று ஊரெல்லாம் கண்காணிப்பு கேமரா மாட்டுகிறவர். மனைவி வீட்டிலேயே தையல் மிஷினில் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள்.

"நாளெல்லாம் தனியா இருக்கியே, துணைக்கு இருக்கட்டும்" என்றார்.

"பொண்டாட்டிக்குத் துணையா பல்லியக் கொண்டு வந்த முதல் புருஷன் நீங்கதான்" என்று சிரித்தாள்.

விரல் நீளம், மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள். கண்ணாடித் தொட்டியில் விட்ட அன்றே அதன்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை வந்துவிட்டது. ஆனால் அது எதையும் தின்னவில்லை. பாட்டில் மூடியில் புழுக்கள் நெளிந்துகொண்டிருக்க, மூலையில் ஒட்டிக்கொண்டு இவர்களையே பார்த்தது.

நான்காம் நாள் கால்நடை மருத்துவரிடம் போனார்கள். அந்த அம்மா அதைக் குட்டித் தராசில் வைத்து உதட்டைப் பிதுக்கினார்.

"வாலப் பாருங்க. கொழுப்பெல்லாம் அங்கதான் சேத்து வச்சிருக்கும். அது குச்சி மாதிரி ஆயிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஒளிஞ்சுக்க ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"வைங்க. யாராவது பாத்துக்கிட்டே இருந்தா, தன்னைத் திங்க வந்திருக்காங்கன்னுதான் அது நெனைக்கும். புழுவப் போட்டுட்டு நகந்துடுங்க. சாயந்திரம் வந்து மிச்சத்த எண்ணுங்க, போதும்."

கேமராக்காரர் நன்றாகத் தலையாட்டினார். வீடு வருவதற்குள் அவர் தொழில் புத்தி வேலை செய்துவிட்டது.

"நாமதானே பாக்கக் கூடாது? கேமரா பாக்கட்டும்!"

தொட்டிக்கு மேலே ஒன்றை மாட்டினார். அது ஒளிந்துகொள்ள அவள் சோப்பு டப்பாவில் வாசல் வெட்டி உள்ளே கவிழ்த்து வைத்திருந்தாள். உள்ளே இருப்பது போனில் தெரியவில்லை என்று அதை எடுத்து வெளியே வைத்தார். கேமராவுக்கு அகலப் பார்வை. தொட்டி, தையல் மிஷின், அவள், வாசற்கதவு எல்லாம் அதில் தெரிந்தன.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கேமராவே அவர் குரலில் பேசியது. "ஏதாவது சாப்பிட்டுச்சா?"

அவள் விரலில் ஊசி ஏறப் பார்த்தது. "இல்லைங்க."

"நீ சாப்பிட்டியா? பத்து மணிக்கு எழுந்து எங்க போன?"

"பாத்ரூமுக்கு."

"இவ்வளவு நேரமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய கஷ்டம். அடிக்கிற கையைத் தடுக்கலாம், அக்கறையை எப்படித் தடுப்பது? அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். தலை சொறிவதற்குக்கூட யோசனை வந்தது. எதிரே தொட்டியில் அதுவும் மூலையை விட்டு அசையவில்லை.

ஆறாம் நாள் வால் மெலிந்து எலும்பு தெரிந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. காஜா எடுத்து முடிக்காத சட்டையொன்றை எடுத்துக் கேமராவின் மேல் போட்டாள். டப்பாவை மறுபடி தொட்டிக்குள் கவிழ்த்தாள், மூடியில் ஐந்து புழுக்களை வைத்தாள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டித் தைக்க உட்கார்ந்தாள். போன் ஒன்பது முறை அடித்தது. ஒரு முறைகூட எடுக்கவில்லை.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். "என்ன ஆச்சு? படமே வரல!"

"மெதுவா. மொதல்ல மூடியில இருக்கற புழுவ எண்ணுங்க."

குனிந்து எண்ணினார். இரண்டுதான் இருந்தன. டப்பாவின் வாசலில் ஒரு குட்டி நாக்கு வெளியே வந்து உதட்டை நக்கிவிட்டு உள்ளே போனது. அவர் கண் கலங்கிவிட்டது.

"பொழச்சுக்கும்டி" என்றார். நாற்காலியைப் போட்டு ஏறி, சட்டையை எடுத்துவிட்டு, கேமராவைக் கழற்றினார். இரண்டு நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அவளுக்கு அப்போதுதான் வெளியே வந்தது.

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசற்கதவுக்குப் போனார். அதன் தலைமேல் கேமராவை வைத்து, தையல் மிஷினைப் பார்த்துத் திருப்பி, திருகாணியை முடுக்கினார்.

"பாவம், அது பயந்துக்குது. அதுக்கு வேண்டாம். நீதான் தனியா இருக்கியே, உனக்கு இருக்கட்டும்."

மறுநாள் மதியம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கதவுக்கு மேலிருந்து குரல் வந்தது.

"ஏன், சாப்பாட்டுல கைய வச்சுக்கிட்டே உக்காந்திருக்க?"

அவள் தட்டோடு எழுந்தாள். சமையலறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடம் இருந்தது. அங்கே போய்க் கீழே உட்கார்ந்தாள்.

"எங்க போயிட்ட? தெரியலையே! சாப்பிடுறியா இல்லையா?"

"சாயந்திரம் வந்து மிச்சத்த எண்ணிக்கோங்க" என்றாள்.