சிவப்புப் பொட்டு வைத்த பதினான்கு மூடிகள்

“சரி, ரெண்டு ஆபீசும் சேந்து செய்யுது, நல்லது. அதுக்கு ஏன் அவ மூஞ்சிய மட்டும் இவ்ளோ பெருசாப் போட்டிருக்கான்?” என்று செய்தித்தாளைக் காட்டிக் கேட்டாள் மூத்த மருமகளான பெரியவள்.

“பின்ன உன் மூஞ்சியவா போடுவான்?” வாய் நிறையப் பற்பசை நுரையோடு புருஷன் எட்டிப் பார்த்தான். “நீ ஊசியும் கையுமா நிக்கிறதப் போட்டா பேப்பர எவன் வாங்குவான்? பயந்து ஓடிருவான்.”

மாமியார் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பெரியவளுக்கு ஆகாது. சிரித்த கையோடு செய்தித்தாளை நான்காக மடித்து, படம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். “எங்க வீட்டு விஞ்ஞானி” என்று படத்தைத் தடவியும் கொடுத்தாள்.

படத்தில் இருந்தது சின்னவள், அந்த வீட்டின் இளைய மருமகள். வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு சோதனைக் கிட், முகத்தில் அளவாக ஒரு சிரிப்பு. அவளுக்குப் பின்னால், படம் வெட்டுப்படுகிற ஓரத்தில், ஒரு முழங்கை தெரிந்தது. அது பெரியவளுடையது. படம் எடுத்த அன்று பக்கத்தில்தான் நின்றாள். இரண்டு அலுவலகங்கள் கைகோத்த செய்தியில் ஒரு அலுவலகத்தின் சார்பாக வெறும் முழங்கை மட்டும் அச்சேறியிருந்தது.

பெரியவள் சுகாதாரத் துறையின் மாவட்ட ஆய்வகத்தில் பதினொரு வருஷமாக லேப் டெக்னீஷியன். சின்னவள் காய்ச்சல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து மூன்றே வருஷம். ஒருத்தி கீழ் வீடு, ஒருத்தி மாடி. சொந்தக்காரர் யார் வந்தாலும் மாமியார் அறிமுகம் செய்வதைக் கேட்க வேண்டும். “மேல இருக்கிறவ விஞ்ஞானி. கீழ இருக்கிறவ ரத்தம் எடுக்கிறவ.” என்னவோ வாசலில் நின்று ரத்தம் உறிஞ்சுகிறவளைச் சொல்கிற மாதிரி!

இதில் கூட்டு வேலை வேறு வந்து சேர்ந்தது. ஆராய்ச்சி நிலையம் அரை மணி நேரத்தில் என்ன காய்ச்சல் என்று கண்டுபிடிக்கிற கிட் ஒன்றைச் செய்திருந்தது. அதைச் சரிபார்க்க நோயாளிகளின் ரத்த மாதிரிகள் வேண்டும். அவை சுகாதாரத் துறையின் குளிர்பெட்டியில் இருந்தன. ஒப்பந்தம் போட்டார்கள். கையெழுத்தான நாளிலிருந்து இரண்டு அலுவலகமும் சம்பந்தி வீட்டார் மாதிரிதான் நடந்துகொண்டன. வாய் நிறைய மரியாதை, உள்ளுக்குள் ‘நீ என்ன பெரிய இவனா?’

பேப்பரில் படம் வருவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. அறுபது டியூப் அடங்கிய ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியவள்தான் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனாள். கூடவே தன் நீல அட்டை நோட்டையும் எடுத்துப் போனாள். சின்னவள் ஓடி வந்து வரவேற்று, உள்ளே இருந்தவர்களிடம் சொன்னாள்: “எங்க வீட்டு அக்கா. சாம்பிள் கொண்டு வந்திருக்காங்க.”

அவ்வளவுதான். பதினொரு வருஷ வேலையை ஒரே வரியில் பார்சல் கொடுக்க வந்த ஆளாக ஆக்கிவிட்டாள்.

“இந்த நோட்டையும் வச்சுக்கோ” என்று நீட்டினாள் பெரியவள்.

“நோட்டெல்லாம் எதுக்குக்கா? சாம்பிள் விவர ஷீட்ட மெயில்ல அனுப்பிட்டாங்க. அது போதும்.”

‘போதும்னா போதும்’ என்று நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றபோதுதான் பெரியவள் அதைப் பார்த்தாள். சின்னவளின் ஆட்கள் டியூப்களைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தங்கள் பார்கோடு டியூப்களுக்கு மாற்றிவிட்டு, பழைய டியூபையும் மூடியையும் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுடைய விதி. வெளியிலிருந்து எது வந்தாலும் பாத்திரம் மாற்றிவிடுவார்கள். கூடைக்குள் மூடிகள் கிடந்தன. சிலவற்றின் தலையில் சிவப்புப் பொட்டு.

மாவட்ட ஆய்வகத்தில் அந்தப் பொட்டுக்கு என்ன அர்த்தம் என்று கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். பெரிய லேபில் சோதித்துத் திரும்பும் வண்டி வழியில் நின்று ஐஸ் உருகிப் போனால், சூடு கண்ட டியூபின் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு சொட்டு வைத்துவிடுவார்கள். பேனா மை ஐஸ் தண்ணீரில் கரைந்துவிடும், இது கரையாது. வேறு சில சோதனைகளுக்கு உதவும் என்பதால் அந்த டியூப்களைத் தூக்கிப் போடுவதில்லை. ஆனால் மறுபடி காய்ச்சல் சோதனைக்கு அவற்றைத் தொடமாட்டார்கள். ஷீட்டில் பொட்டுக்கென்று கட்டம் கிடையாது. மூடியைப் பார்த்தாலே தெரிகிறதே, எழுதுவானேன் என்று விட்டுவிட்டார்கள். பெரியவள் ஒருத்திதான் மனசு கேட்காமல் நம்பர்களைத் தன் நீல நோட்டில் குறித்து வைப்பாள். அந்த அறுபதில் பதினான்கு. பொட்டைப் பார்த்து ஒதுக்கிக்கொள்வார்கள் என்று அவற்றையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள்.

‘நில்லுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அப்போது பார்த்து போட்டோகிராபர், “மேடம், கிட்டை இப்படிப் பிடிங்க. பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றான். பெரியவள் தள்ளிக்கொண்டாள். வார்த்தையும் தொண்டைக்குள்ளேயே தள்ளிக்கொண்டது.

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு சாயங்காலம் மாடிப்படியில் விசும்பல் கேட்டது. சின்னவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

“கிட்டு ஊத்திக்கிச்சுக்கா. அறுபதுல பதிமூணு பேருக்குக் காய்ச்சல் கிருமியே இல்லைங்குது. எல்லாருமே பெரிய லேப்ல மெஷின் வச்சு உறுதி பண்ணவங்க. மூணு வருஷ உழைப்புக்கா.”

பொய் சொல்லி என்ன பிரயோஜனம்? பெரியவளுக்கு உள்ளே இனித்தது. இப்படி இனிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் இனித்தது. அவள் கைப்பை கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது, நோட்டு அதற்குள் இருந்தது. நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். ‘சரி, பாவம்’ என்று முதல் எட்டை எடுத்தும் வைத்தாள்.

அப்போது மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “அவளுக்கு ஒரு டீ போட்டுக் குடும்மா. மூளைய வச்சு வேலை பாக்குறவ, சோர்ந்து போயிருக்கா.”

பெரியவள் நேரே அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். சர்க்கரையைக் கொஞ்சம் கம்மியாகவே போட்டாள். நோட்டு பைக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த வாரம் ரத்தம் எடுக்கிற கவுண்டரில் ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். “ரிசல்ட் எப்பங்க வரும்?” என்று கேட்டாள்.

“நாலு நாள் ஆகும்.”

“நாலு நாளா? அதுவரைக்கும் என்ன காய்ச்சல்னே தெரியாம என்ன பண்ணுவேன்?”

“என்னம்மா செய்றது? பெரிய லேபுக்குப் போய் வரணுமே” என்று பெரியவள் சொன்னாள். ஆயிரம் தடவை சொன்ன பதில்தான். அன்றைக்கு மட்டும் சொல்லிவிட்டு அந்தக் குழந்தையைப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் பதில் சொல்கிற சாமான் ஒன்று இருக்கிறது. அதைக் குழி தோண்டிப் புதைக்க நாளை மறுநாள் கூட்டம் போட்டிருக்கிறார்கள். கிட்டில் குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து, ‘நாலு நாள்’ என்று கதை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். ஆனால் வீட்டில் வைத்துச் சொல்வதில்லை. படியில் வைத்து ரகசியமாகச் சொல்லி, சின்னவள் அதைத் தன் கண்டுபிடிப்பாகக் கொண்டுபோவதற்கு இவள் என்ன இளிச்சவாயா? கூட்டத்தில், நாலு பேர் முன்னால் சொல்வாள்.

கூட்டத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் சுகாதாரத் துறை, அந்தப் பக்கம் ஆராய்ச்சி நிலையம். நடுவில் யாரும் தொடாத பிஸ்கட் தட்டு. சின்னவள் எழுந்து, குரல் உடைய உடைய எண்ணிக்கையை வாசித்தாள். நிலையத்தின் இயக்குநர் அம்மா பெருமூச்சு விட்டாள். “அப்போ இதோட நிறுத்திக்கலாமா?”

“ஒரு நிமிஷம் மேடம்” என்று பெரியவள் எழுந்தாள். நீல நோட்டைப் பிரித்தாள். “அந்தப் பதிமூணு பேரோட ஷீட் நம்பரக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க.”

சின்னவள் படித்தாள். ஒவ்வொரு நம்பருக்கும் பெரியவள் நோட்டில் ஒரு டிக் போட்டாள். பதிமூன்றாவது டிக்கைப் போட்டுவிட்டு நோட்டைத் திருப்பி நடுவில் வைத்தாள். “இதெல்லாம் ஐஸ் உருகிச் சூடான டியூப். மூடியில சிவப்புப் பொட்டு வச்சிருந்தோம். மொத்தம் பதினாலு. ஒண்ணு எப்படியோ தப்பிச்சிருக்கு. பொட்டில்லாத நாப்பத்தாறும் உங்க கிட்டுல சரியாத்தான் வந்திருக்கு.”

“மூடியெல்லாம் எங்க?” என்று கேட்டார் சுகாதாரத் துறை அதிகாரி.

“உங்க சம்பந்தி வீட்டுக் குப்பைக் கூடைல சார்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்படி ஒரு நிமிஷத்துக்காகத்தானே காத்திருந்தாள்! அதிகாரி விடவில்லை. “சரிம்மா, இது உனக்கு எப்பத் தெரியும்?”

நெஞ்சு நிமிர்ந்த வேகத்திலேயே சுருங்கியது. சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கூடைக்குப் பக்கத்தில் அக்கா நின்றது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அது அவள் கண்ணிலேயே தெரிந்தது. போச்சு, மானம் கப்பலேறப் போகிறது என்று பெரியவள் நினைத்தாள்.

“சார், அக்கா அன்னைக்கே நோட்டக் குடுத்தாங்க” என்றாள் சின்னவள். “நான்தான் வேண்டாம்னேன். தப்பு என் பேர்ல.”

அறையே உருகிப் போனது. இயக்குநர் அம்மா சின்னவளின் தோளைத் தட்டினாள். “தப்ப ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்!” இந்தப் பக்கத்து அதிகாரிகூடத் தலையாட்டினார். பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்டுபிடித்தவள் இவள், பாராட்டு அவளுக்கா? அறிவுதான் அவளுடையது என்று இத்தனை நாள் சகித்துக்கொண்டாயிற்று. இன்றைக்கு நல்ல மனசையும் அல்லவா அவளே எடுத்துக்கொண்டாள்!

கடைசியில் ஒரு படிவம் வந்தது. பிழை நடந்தால் இரண்டு அலுவலகமும் சேர்ந்து நிரப்ப வேண்டிய படிவம். ‘பிழை முதலில் கவனிக்கப்பட்ட தேதி’ என்று ஒரு கட்டம். கவனித்தவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரியவள் பேனாவைத் திறந்தாள். சின்னவள் குனிந்து காதோடு சொன்னாள். “அக்கா, இன்னைக்குத் தேதியப் போட்டுருங்க. மெமோ கிமோ வந்துறப் போகுது. நான் பாத்துக்கறேன்.”

நான் பாத்துக்கறேன்! இந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்குத் தேதியைப் போட்டால் வேலைக்குப் பங்கமில்லை. ஆனால் காலம் பூராவும், ஒவ்வொரு தடவை மாடிப்படியில் எதிர்ப்படும்போதும், ‘உன்னைக் காப்பாத்தினவ நான்’ என்று சின்னவளின் அந்த அளவான சிரிப்பு சொல்லும். அதற்கு மெமோவே தேவலை.

பெரியவள் பேனாவை அழுத்தி எழுதினாள். மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. எழுதிவிட்டு, யாரும் கேட்காமலே உரக்கச் சொன்னாள்: “அன்னைக்கே மூடியப் பாத்தேன் சார். பாத்துட்டு வாயத் திறக்கல. அது என் தப்பு. அத வேற யாரும் எடுத்துக்க வேண்டாம்.”

மெமோ வந்தது. அதற்குப் பதிலும் எழுதிக் கொடுத்தாள். புது மாதிரிகளை வைத்து மறுபடி சரிபார்த்தார்கள், கிட் பாஸாகிவிட்டது. இப்போது பெரியவளின் கவுண்டரிலேயே ஒரு டப்பா நிறைய இருக்கிறது. “ரிசல்ட் எப்பங்க?” என்றால் “அரை மணி நேரம், அந்த பெஞ்சுல உக்காருங்க” என்கிறாள். ஷீட்டில் பொட்டுக்கென்று புதிதாக ஒரு கட்டமும் வந்துவிட்டது. வீட்டில் மாமியார், “என்ன இருந்தாலும் பெரியவ நேர்மையானவ” என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் சின்னவளின் முகம் லேசாகச் சுருங்குகிறது. அதைப் பார்க்கிற அன்று பெரியவள் போடுகிற டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது.

அவள் நல்லவள் என்று அந்தத் தேதியை எழுதவில்லை. சின்னவளுக்குக் கடமைப்படப் பிடிக்காமல், வயிற்றெரிச்சலில் எழுதினாள். அது எனக்கும் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் எழுதியது உண்மைதானே? பொறாமையில் சொன்னாலும் உண்மைக்கு முழு மார்க் கொடுக்கலாமா, இல்லை பாதிதானா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?