வீட்டு அட்டை இல்லாத பகல்

ஸ்கெல்டன் குடாவில் அந்த ஆண்டு ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று வெள்ளிக்கிழமை வரை நீடித்தது. சூரியன் பிற்பகல் மூன்று மணிக்கு உரிய இடத்துக்கு வந்து, பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்துக்குச் சற்று மேலே, கடல் பக்கமாக நின்றுகொண்டது. கடிகாரங்கள் ஓடின. ரொட்டிக்கடை வழக்கமான நேரத்துக்குத் திறந்து வழக்கமான நேரத்துக்கு மூடியது. பார்லி விலையில் மாற்றமில்லை. நீல நண்டு வரத்து குறைந்தது, கோழிகள் கூட்டுக்குள் போக மறுத்து முற்றத்தில் நின்றபடியே தூங்கின. நான்காம் எண் வகுப்பறையில் ஓர் அட்டை குறைகிறது, அதனால்தான் பொழுது சாயவில்லை என்பது புதன்கிழமை காலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்த வகுப்பறையில் உதவியாளராக இருந்தவள் நோரீன் டேட். அதற்கு முன் மீனவர் கூட்டுறவுக் கடையில் பல வருடம் மீன் துண்டு போட்டவள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுடன் உட்கார ஆள் வேண்டும் என்று பள்ளியில் கேட்டபோது, குளிர் அறையிலிருந்து வெளியே வந்தால் போதும் என்றுதான் போனாள். போன இடத்தில் ஒட்டிக்கொண்டாள். வேலை எளிதாகச் சொல்லிவிடக்கூடியது. பிள்ளையின் இடப்பக்கம், அரை அடி பின்னால் உட்கார வேண்டும். ஆசிரியை பேசும் நீளமான வாக்கியங்களை உடைத்து இரண்டு மூன்று சொல்லாக்கித் தர வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தவறுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். பதில் வரவில்லையே என்று மறுபடி சொல்வார்கள், வேறு மாதிரி சொல்வார்கள், பிள்ளை முதலிலிருந்து கேட்கத் தொடங்க வேண்டியதாகிவிடும். நோரீனுக்குக் காத்திருக்கத் தெரியும். மீன் கடையில் எட்டு மணி நேரம் யாருடனும் பேசாமல் நின்றிருக்கிறாள்.

பிரைடி அவளிடம் வந்தபோது ஐந்து வயது. சொற்கள் சிலதான் இருந்தன, அவையும் தேவைப்படும்போது வரமாட்டா. பாயிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து மைதானத்துக்கு என்று ஒவ்வொரு மாற்றமும் அவளை யாரோ பிடித்துத் தள்ளியது போல் விழ வைத்தது. நோரீன் படங்கள் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பின்னால் ஒட்டவும் கழற்றவும் வசதியான வெல்க்ரோ நாடா ஒட்டி, சுவரில் நீளமான பட்டையில் வரிசையாக மாட்டினாள். பாய். கணக்கு. சாப்பாடு. ஊஞ்சல். கதை. கடைசியில் வீடு. ஒன்று முடிந்ததும் பிரைடியே எழுந்து வந்து அட்டையைக் கழற்றி, கீழே இருந்த டப்பாவில் போடுவாள். நோரீன் ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். ஒட்டியது நடக்க வேண்டும். நடக்காது என்று தெரிந்தால் ஒட்டவே கூடாது.

இரண்டாவது வருடத்தில் விதி தானாகவே வேலை செய்யத் தொடங்கியது. நூலக வண்டி என்ஜின் பழுதாகி அறுபது மைல் தள்ளி நின்ற ஒரு புதன்கிழமை, செய்தி தெரியாமல் நோரீன் நூலக அட்டையை ஒட்டிவிட்டாள். பத்தரை மணிக்கு வண்டி பள்ளி வாசலில் நின்றது. என்ஜின் சில்லென்றிருந்தது, ஓட்டுநர் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் 'மழை, உள்ளே விளையாட்டு' என்ற அட்டையை மேகத்தை நம்பி ஒட்டினாள். மேகம் கலைந்துவிட்டது. மழை பள்ளிக்கூடத்தின் மேல் மட்டும் பெய்தது, வேலிக்கு அந்தப் பக்கம் தூசிகூட அடங்கவில்லை. அந்த வாரமே ஊருக்குக் கிழக்கே தானியக் குதிர்களுக்குப் பின்னால் பார்லி போட்டிருந்த விவசாயி ஒருவர் பீர் பெட்டியோடு வந்தார்.

"நோரீன், அந்த மழை அட்டைய ஒரு வாரம் அப்படியே விட்டு வையேன். ஒனக்கு என்ன கொறைஞ்சிடப் போவுது?"

"அது பிரைடிக்கு, இன்னைக்கு ஊஞ்சல் இல்லன்னு சொல்ற அட்டை. ஒன் பார்லிக்கு இல்ல."

"ஒரு பெட்டி பீர் கொண்டாந்திருக்கேன்."

"பீர வச்சிட்டுப் போ. மழை கெடையாது."

விவசாயி வருத்தப்படவில்லை. ஊரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. கடைசி அட்டையைக் கழற்றியதும் சூரியன் இறங்கத் தொடங்குவதைக்கூட யாரும் கவனித்திருக்கவில்லை, ஏனென்றால் அது எப்படியும் இறங்கும் நேரம்தான்.

பிரைடிக்கு எட்டு வயதானபோது அவள் அப்பா டேரில் வீட்டைவிட்டுப் போனான். அவன் சிப்பிப் பண்ணையில் படகு ஓட்டுகிறவன். அம்மா லீயான் மருந்துக் கடையில் இருந்தாள். இருவரும் கெட்டவர்கள் இல்லை, ஒரே சமையலறையில் இருக்க முடியாமல் போனவர்கள், அவ்வளவுதான். ஊரின் கிழக்கே தானியக் குதிர்களை ஒட்டியிருந்த வீட்டில் லீயான் இருந்துகொண்டாள். டேரில் மேற்கே படகுத்துறைத் தெருவில் தகர வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தான். அவனுடைய மெத்தையையும் குளிர்பெட்டியையும் வண்டியில் ஏற்றி இறக்கியவர்கள் ஊர்க் கால்பந்து அணிக்காரர்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள். ஸ்கெல்டன் குடாவின் மரியாதை அப்படி. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றுதான் என்றாலும், சம்பந்தப்பட்டவர் வாயால் சொல்லும்வரை அது யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை கிளப்பில் டேரில் தனியாக உட்கார்ந்து இறைச்சி வறுவல் சாப்பிட்டதை நோரீனும் பார்த்தாள். கையசைத்தாள். பள்ளிக்கு யாரும் வந்து சொல்லவில்லை, ஆகவே திங்கட்கிழமை பழைய வீட்டு அட்டையையே ஒட்டினாள். குதிர்களின் நிழலில் பச்சைக் கதவு வைத்த வீடு.

அன்று பிரைடியைக் கூட்டிப்போக டேரில் வந்தான். படகுத்துறை வீட்டுக்குக் கொண்டுபோனான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அட்டை பொய் சொன்னது.

செவ்வாய்க்கிழமை பிரைடி மற்ற அட்டைகளை ஒழுங்காகக் கழற்றினாள். மூன்று மணிக்குப் பச்சைக் கதவு அட்டையை எடுத்து, நான்காக மடித்து, சுவர் ஹீட்டரின் இடுக்கில் தள்ளினாள். பிறகு பட்டைக்குக் கீழே சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். மணி அடித்தது, பிள்ளைகள் போனார்கள், வெயில் நகரவில்லை. லீயான் வந்து கூப்பிட்டாள். பிரைடி எழவில்லை. பட்டையில் வீடு இல்லை, ஆகவே போவதற்கு இடமில்லை. கட்டை விரலால் தரையைத் தட்டத் தொடங்கினாள். அந்தத் தட்டலின் அர்த்தம் நோரீனுக்குத் தெரியும். இதற்கு மேல் யாராவது தொட்டால் அலறல் தொடங்கும், அது நிற்க நேரமாகும்.

யாரும் தொடவில்லை. நோரீன் தன் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாள்காட்டிப்படி புதன்கிழமை, அதே வெயிலில், தலைமையாசிரியர் ட்ரெவர் ஹோல் வந்தார். கூட்டம் போட்டால் எதுவும் சரியாகிவிடும் என்று நம்புகிற நல்ல மனிதர். பொதுவாக ஒரு வீட்டின் கோட்டுப்படத்தை அச்சடித்துக் கொண்டுவந்தார். அதில் ஓட்டுக்கூரையும் புகை போகும் புகைபோக்கியும் இருந்தன. பிரைடி அதைப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன், இதுல என்ன தப்பு?" என்றார் ட்ரெவர்.

"இந்த ஊர்ல யார் வீட்ல சார் பொகபோக்கி இருக்கு?" என்றாள் நோரீன்.

லீயான் தன் வீட்டைப் புதிதாகப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். பிரைடி திருப்பிக் கொடுத்தாள். டேரில் தகர வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு வந்தான், ஓரத்தில் அவன் கட்டை விரலும் விழுந்திருந்தது. அதையும் திருப்பிக் கொடுத்தாள். ஏதோ ஒரு நேரத்தில் பிரைடி சாப்பிடுவதை நிறுத்தினாள். வெஜிமைட் தடவி முக்கோணமாக வெட்டிய ரொட்டி தட்டிலேயே காய்ந்தது. அவள் தூங்கவும் இல்லை, தூங்குவது வீட்டுக்குப் போன பிறகு வருவது. கண்ணுக்குக் கீழே தோல் நீலமாகிக்கொண்டு வந்தது. சூரியன் நிற்பதைப் பற்றி நோரீன் கவலைப்படவில்லை. பிள்ளையின் உதடு வெடித்திருந்ததைப் பற்றிக் கவலைப்பட்டாள். வெள்ளி மதியத்துக்குள் சாப்பிடாவிட்டால் பெரிய ஊர் மருத்துவமனைக்குத் தூக்கிப்போக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தூக்குவது என்றால் நான்கு பேர் வேண்டும். அப்படித் தூக்கப்பட்ட பிள்ளைகள் திரும்பி வரும்போது இருந்த சொற்களையும் விட்டுவிட்டு வருவதை நோரீன் பார்த்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை நடைபாதையில் டேரிலும் லீயானும் மோதிக்கொண்டார்கள்.

"அவ பொறந்ததுலேர்ந்து இருக்கிற வீடு அது. ஒன் தகரக் கொட்டாயில அவ காது என்னாவும்? மழை பெஞ்சா மத்தளம் மாதிரி அடிக்கும்."

"மழை சத்தம் அவளுக்குப் பிடிக்கும். ஒனக்குத்தான் தெரியாது. ஒனக்கு எது தெரியும், மாத்திரை பேரத் தவிர."

"நீ அவளுக்கு ஒரு நாளாச்சும் தல சீவி விட்டிருக்கியா?"

"அவ சீவ விட்டாத்தானே."

"என்னைய சீவ விடுறாளே."

"அழுதுகிட்டே விடுறா."

நோரீன் கதவைத் திறந்தாள். "ரெண்டு பேரும் உள்ள வாங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க, அந்தச் சத்தம் அவளுக்கு ஆவாது."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். டேரிலின் காலுறையில் ஓட்டை இருந்தது. லீயான் அதைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க பிரிஞ்சத அவகிட்ட யாரு சொன்னது?" என்று நோரீன் கேட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அவளுக்கு என்ன புரியும்னு..." என்றாள் லீயான்.

"ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சுகிட்டே பழைய வீட்ட ஒட்டினேன். அவளுக்கு மட்டும்தான் யாரும் சொல்லல. டேரில், நீ சொல்லு."

டேரில் தொண்டையைச் செருமினான். "கண்ணு, அதாவது, சில நேரம் பெரியவங்களுக்கு, ஒருத்தர ஒருத்தர் பிடிக்கலன்னு இல்ல, ஆனா எப்படின்னா..."

"சுருக்கமா."

"நோரீன், இத எப்படிச் சுருக்கமாச் சொல்றது?"

"மீன் துண்டு போடுற மாதிரி. முள்ள எடுத்துட்டு."

அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். "அப்பா படகுத்துறை வீட்ல இருப்பேன். அம்மா குதிர் வீட்ல இருப்பாங்க. அப்பா பழைய வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன்."

லீயான் ஏதோ சேர்க்க வாயெடுத்தாள். நோரீன் விரலை உயர்த்தினாள். மூவரும் காத்திருந்தார்கள். பிரைடியின் விரல் தட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் அதே மூன்று மணி வெயில் நின்றது. அந்தக் காத்திருப்பு தன் திருமண வாழ்க்கையைவிட நீளமாக இருந்ததாக டேரில் பின்னால் கிளப்பில் சொன்னான். பிறகு தட்டல் நின்றது.

"பிரைடி எங்க?" என்றாள் பிரைடி. தன்னைப் பற்றிக் கேட்கும்போது அவள் அப்படித்தான் கேட்பாள்.

 அந்தக் கேள்விக்குப் பதிலைத்தான் பெரிய ஊரில் வக்கீல்கள் இருவர், டேரில் வீட்டைவிட்டுப் போகும் முன்பிருந்தே, இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நோரீன் பெற்றோர் இருவரையும் பார்த்தாள். எந்த வீடு நல்லது என்று அவளுக்கே ஓர் எண்ணம் இருந்தது. அதை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அட்டை ஒட்டுகிறவளுக்கு அந்த உரிமை கிடையாது.

லீயான்தான் பேசினாள். "இந்த வாரம் அப்பா வீடு."

டேரில் அவளைப் பார்த்தான். "அடுத்த வாரம் அம்மா வீடு," என்றான்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாறும்," என்றாள் லீயான். பிறகு அவளும் காத்திருக்கக் கற்றுக்கொண்டாள்.

பிரைடி எழுந்தாள். முட்டி மடங்கியே கிடந்ததால் கொஞ்சம் தடுமாறினாள். மேசையிலிருந்த தகர வீட்டுப் படத்தை எடுத்துப் பட்டையின் கடைசியில் ஒட்டினாள். குதிர் வீட்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பட்டையில் அதற்கு இடமில்லை. நோரீன் பெட்டியிலிருந்து வெல்க்ரோவில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். பிரைடி அதைப் பட்டைக்குக் கீழே, தனியாக ஒட்டி, படத்தை அழுத்தினாள்.

"அடுத்த வாரம்," என்றாள். பிறகு மேலே இருந்த அட்டையைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, காய்ந்த ரொட்டியில் ஒரு முக்கோணத்தை எடுத்துத் தின்றபடி டேரிலின் வண்டிக்கு நடந்தாள். அவள் இருக்கைப் பட்டியை மாட்டும்போது சூரியன் அசைந்தது. படகுத்துறைக்கு மேலாகக் கடலில் இறங்கியது. கோழிகள் கூட்டுக்குப் போயின. ஊர் ஞாயிற்றுக்கிழமை வரை தூங்கியது, அந்த வாரக் கால்பந்து ஆட்டம் ரத்தானது.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரைடி பச்சைக் கதவுக்குள் போனாள். அன்று சூரியன் உச்சியிலிருந்து திரும்பி, வந்த வழியே கிழக்கே இறங்கி, தானியக் குதிர்களுக்குப் பின்னால் மறைந்தது. வயல்கள் சிவந்தன. கிழக்கே மறைந்தது காலையில் எங்கிருந்து வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அந்நேரத்தில் விழித்திருக்கும் ரொட்டிக்கடைக்காரர், அது வர வேண்டிய இடத்திலிருந்துதான் வருகிறது என்று சொல்லிவிட்டு மாவைப் பிசைவார். ட்ரெவர் இதற்காக ஒரு கூட்டம் போட்டார். கூட்டத்தில் வாகன நிறுத்தம் பற்றிப் பேசினார்கள். கடற்கரையில் அந்திப் பொழுதைப் பார்க்க அறை வாடகைக்கு விட்டவர், குதிர்ப் பக்கமும் இரண்டு அறை கட்டினார். துணி காயப்போடுகிறவர்கள் கொடியை வடக்கு தெற்காக மாற்றிக் கட்டினார்கள்.

பிரைடி இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பட்டையும் அட்டையும் போய், கைபேசியில் தன் நாளைத் தானே அடுக்கிக்கொள்கிறாள். நோரீனிடம் வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் சிரித்தால் பள்ளியின் குழாய்களில் வெந்நீர் வரும், அதற்கேற்பப் பாத்திரம் கழுவிக்கொள்கிறார்கள். கிளப்பில் வெள்ளிக்கிழமை மாலை நண்பர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "டேரில், இன்னைக்கு லீயான் பக்கம் எறங்குது. ஒனக்கு அவசரமில்ல, இன்னொண்ணு ஊத்து," என்பார்கள். கடல் பக்கம் இறங்கினால் யாரும் ஊற்ற மாட்டார்கள், அவன் சாவியை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

நோரீனின் வீடு ஊருக்கு நடுவில் இருக்கிறது. சமையலறைக்கு மேற்கே ஒரு ஜன்னல், கிழக்கே ஒரு ஜன்னல். மாலையில் பாத்திரம் கழுவும்போது கண் கூசுகிறது என்று, கிழக்கு ஜன்னலுக்கும் ஒரு திரை வாங்கி மாட்டினாள்.