தெளிந்த சீரம்

...கொஞ்சம் சிவந்திருக்கக் கூடாதா ரத்தத்திலிருந்து பிரித்த இந்தச் சீரம், சிவந்திருந்தால் குழாயிலேயே ரத்த அணு உடைந்துவிட்டது, அதனால்தான் எல்.டி.எச். என்சைம் ஏறிக் காட்டுகிறது என்று தப்பித்திருக்கலாமே, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இளமஞ்சளாய், ஒரு குறையில்லாமல்... நானே எடுத்த ரத்தம், எப்படிக் கெடும்? கீமோவுக்கு அப்புறம் அக்காவுக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம், லேபில் மற்றவர்கள் குத்திக் குத்தித் தேடுவார்கள், அதனால் நான்தான் எடுப்பேன், "வலிக்குதாக்கா?" "நீ குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிதான்டி"... இன்றைக்கு மட்டும் கை தவறியிருக்கக் கூடாதா.

ஆல்கலைன் பாஸ்ஃபடேஸும் ஏறியிருக்கிறது. போன தடவை வரம்புக்குள்தான் இருந்தது. மெஷின் மேல் பழியைப் போட்டு அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை ஓட்டினேன், சரியாக வந்தது, அக்கா ரத்தத்தை மறுபடி வைத்தேன், அதே எண், பிடிவாதமாய். இந்த என்சைம் ஈரலிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும், எது என்று பிரிக்க, ஈரல் கெட்டால் ஏறும் காமா ஜி.டி. பார்க்கணும், டாக்டர் கேட்கவில்லை, நானாகப் போட்டேன். நார்மல். அப்பாடா, ஈரல் தப்பித்தது என்று மூச்சுவிட்டேனே, அடி பைத்தியமே, அப்படியென்றால் எலும்புக்குத்தானே பரவியிருக்கிறது... மார்பை எடுத்துக் கொடுத்தாளே, முடியைக் கொடுத்தாளே, அது போதவில்லையா? கொஞ்ச நாளாய் முதுகு வலி, மெத்தை குழி விழுந்திருச்சு என்றாள், நானும் கூடப் போய்க் கடையில் ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்தேன், இது கல்லு மாதிரி இருக்குக்கா, இது வேணாம்க்கா... இந்த எண்களோடுதானே தினமும் குடித்தனம் நடத்துகிறேன், எனக்கா தோன்றவில்லை? இருக்கட்டும், இதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது, ஸ்கேன் பார்க்கணும், வைட்டமின் டி குறைந்தாலும் ஏறும்... எத்தனை பேரிடம் இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், "டாக்டர்கிட்ட கேட்டுக்கங்கம்மா", எவ்வளவு சுலபமாய் வாயில் வரும்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறேன், அக்கா நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள், முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, எப்போதும் எப்படி வைத்திருப்பேன்? "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்க்கா, மெஷின் மக்கர் பண்ணுது." என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். "சின்ன வயசுலேருந்தே உனக்குப் பொய் சொல்ல வராதுடி." பக்கத்து நாற்காலியிலிருந்த பையை மடிக்கு மாற்றிக்கொண்டு இடம் விடுகிறாள். உட்காருகிறேன். குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்.

"எலும்பா, ஈரலா?"

இந்த இரண்டையும் நான் இவளிடம் சொன்னதே இல்லையே... யார் சொன்னது, எங்கே படித்தாள், எப்போதிருந்து? எப்படிச் சொல்வது என்று உள்ளே நான் திண்டாடிக்கொண்டிருந்தேன், இவள் இதை யாரிடமும் சொல்லாமல் எத்தனை நாளாய்ச் சுமந்துகொண்டு, வீட்டில் எல்லோரையும் கேலி பண்ணிச் சிரிக்க வைத்துக்கொண்டு... கை அவள் முதுகுப் பக்கம் போகிறது, எங்கே தொட்டால் வலிக்காது என்று தெரியாமல் பாதியில் நிற்கிறது.