பத்து மணிக்கு எழுதிய எண்

...எப்படி ஆரம்பிப்பது, அன்பு, ஒரு நிமிஷம் வா என்று கூப்பிட்டால் போதுமா, கூப்பிடுகிற தொனியிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிடாதா, பதினோரு வருஷமாகக் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தவள் ஆயிற்றே, என்று நினைத்தபடியே வேல்விழி பிரசவ வார்டின் நடையில் மூன்றாவது முறையாகப் பாதி வழியில் திரும்பினாள். மணி ஒன்றேகால். இரண்டு மணிக்குள் அன்புக்கரசியைக் கேட்டு, அவள் சொல்வதை எழுதி, தன் மேசையில் வைக்க வேண்டும் என்று டாக்டர் கோதண்டபாணி சொல்லிவிட்டுப் போயிருந்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், "இன்சார்ஜ் நீங்கதானே சிஸ்டர்? நீங்க கேக்குறீங்களா, நான் கேக்கட்டுமா?" அவர் எப்படிக் கேட்பார் என்று வேல்விழிக்குத் தெரியும். போன மாதம் ஒரு நர்ஸை நோயாளிகளின் சொந்தக்காரர்கள் முன்னால் நிறுத்திக் கேட்டார், அந்தப் பெண் மறுநாளிலிருந்து வரவேயில்லை... வேண்டாம், நானே கேட்கிறேன் சார் என்று அவசரமாகச் சொல்லிவிட்டாள். சொன்னது அன்புவைக் காப்பாற்றவா, இல்லை, தான் நல்லவளாக நின்றுகொள்ளவா?

கையில் பூவாயியின் சார்ட். வேப்பூர்ப் பக்கத்துப் பெண், நேற்று ஆண்குழந்தை பெற்றவள், ரத்த அழுத்தம் லேசாக ஏறியிருந்ததால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். விடியற்காலை ஆறு மணிக்கு இரவு நர்ஸ் எழுதியது நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. எட்டு மணிக்கு அன்புவின் கையெழுத்தில் நூற்றிருபதுக்கு எண்பது. பத்து மணிக்கும் நூற்றிருபதுக்கு எண்பது. பத்து நாற்பதுக்குக் கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் ஓடிவந்து பார்த்தபோது நூற்றெண்பதுக்கு நூற்றிருபது. நாற்பது நிமிஷத்தில் அப்படி ஏறுமா? ஏறலாம் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்குமே, அவளே சொல்லிப் பார்த்தாள், ஏறலாம், ஏறலாம்... ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியதுபோல ஒட்டி நின்றன.

நடைக்கோடியில் பூவாயியின் புருஷன் சாமிக்கண்ணு நின்றான். பீங்கான் கம்பெனியிலிருந்து அப்படியே ஓடிவந்தவன், முழங்கை வரைக்கும் வெள்ளை மண் காய்ந்து வெடித்திருந்தது. "நர்ஸம்மா, கண்ணு முழிச்சிடுவால்ல?" ஊசி போட்டிருக்குதுங்க, தூங்குறாங்க, பிரஷர் இறங்கிக்கிட்டு வருது என்றாள். பொய் இல்லை. ஆனால் காலையில் யாரும் பார்க்கவில்லையா என்று அவன் கேட்டிருந்தால்? கேட்கவில்லை. கும்பிட்டான். அவள் சட்டென்று மருந்து அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

அன்புக்கரசி பஞ்சு மடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், எட்டு மாதத்துக்கு முன்னால் இன்சார்ஜ் பொறுப்பு வேல்விழிக்குப் போனபோது அன்புதான் முதலில் கைகொடுத்தாள், அப்புறமும் பஸ்ஸில் அதே சீட்டுதான், பேச்சு மட்டும் கொஞ்சம் குறைந்தது... குறைந்ததா, தானாக நினைத்துக்கொண்டதா? சாப்பிட்டியா, உடம்பு சரியில்லையா, வூட்டுல ஏதாவதா என்று அடுக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் வாய் தாண்டிப் போய்விட்டது.

"அன்பு, பத்து மணிக்கு பூவாயிக்கு பிபி பாத்தியா?"

"எழுதியிருக்கனே."

"எழுதுனத கேக்கல. பாத்தியா?"

மடித்த பஞ்சையே மறுபடி பிரித்து மடித்தாள் அன்பு. "பாக்கல" என்றாள். பிறகு, கேட்காமலே, "எட்டு மணிக்கும் பாக்கல."

வேல்விழிக்குக் கோபம் வரவேண்டும், வந்தது, உள்ளங்கை வரைக்கும் சூடாக வந்தது, அந்தப் பொண்ணு செத்திருந்தா என்று கத்த வாய் திறப்பதற்குள் அன்புவே பேசினாள், தரையைப் பார்த்து, தழைந்த குரலில். "பிபி மிஷின்ல கையில சுத்துற பட்டையில காத்து நிக்கல வேலு. ஏத்துனா புஸ்ஸுன்னு இறங்கிடுது. பக்கத்து வார்டு மிஷினத்தான் வாங்கியாரணும். இருவத்திரெண்டு பேருக்கு நான் ஒருத்தி. தலவலிக்குதாம்மான்னு கேட்டேன், இல்லன்னா. சரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன். தப்புதான். எழுதிக்க."

"பட்டை போயிடுச்சுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அன்பு இப்போதுதான் நிமிர்ந்தாள். "சொன்னனே. வெள்ளிக்கிழம சொன்னேன். அதுக்கு முன்னாடியும் ஒருக்கா சொன்னேன்."

"நான் என்னா சொன்னேன்?"

"பாத்துக்கலாம்னு சொன்ன."

குற்றம் சாட்டுகிற குரலாகக்கூட இல்லை. கதவில் தட்டல், சாமிக்கண்ணு, கண்ணெல்லாம் தண்ணீர். "முழிச்சிட்டாங்க! புள்ளய எங்கன்னு கேக்குறா. ஒங்க ரெண்டு பேராலத்தாங்க பொழச்சா..." அன்பு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இதோ வரேங்க என்று வேல்விழி அவனை அனுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து தாளை எடுத்தாள்.

எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் பார்க்காமல் எழுதியதாக ஒப்புக்கொண்டார்... எழுதினாள். பட்டை பழுதானதை வெள்ளிக்கிழமையே... பேனா நின்றது. யாரிடம் சொன்னாள் என்பது அடுத்து வர வேண்டும். என்னிடம் என்று எழுதுவதில் என்ன, எழுதிவிடலாம், வேலையா போய்விடும், போகட்டுமே... ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ஞாபகத்துக்கு வரவில்லை. டூட்டி லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தாளா, போனில் இருந்தாளா? வாசலில் யாரோ வந்து நின்றார்கள், ஏதோ சொன்னார்கள், தான் தலை நிமிராமலே பாத்துக்கலாம் என்றது மட்டும் காதில் கேட்கிறது. அது அன்புதானா? அன்று ஒரு நாள்தானா? ஒரு நாளைக்கு எத்தனை பேர் அப்படி வந்து நின்று, என்னென்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள், அதெல்லாம் இப்போது எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் காத்துக் கிடக்கிறதோ...