கோணல் பாட்டில்கள்

விடியும் முன்பே பசை காய்ச்சிவிடுவார்கள். புளித்த நெடி கூடத்தை அடைக்கும். பாட்டிலில் இருக்கும் பழைய லேபிளின் மேல் புதியதை வைத்து, கட்டைவிரலால் ஒரே இழுப்பு. புதியதில் சிரிக்கும் குழந்தை. லேபிள் ஒட்டுகிற அவள் பழையதைப் படித்ததில்லை. படித்தால் கை நின்றுவிடும்.

இருமல் மருந்துக் கம்பெனி அது. கோணலாக ஒட்டிய பாட்டில் கடைக்குப் போகாது. ஒட்டியவளே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். தாராள மனசு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அதைத்தான் மகளுக்குக் கொடுத்தாள். மகள் இப்போது ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். நாத்தனார் காவல் இருக்கிறாள். இவள் வராவிட்டால் வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும்.

அன்று காலை அரசு அதிகாரிகள் வந்தார்கள். பெட்டிகளுக்குச் சீல் வைத்தார்கள். "குழந்தைங்களுக்கு ஆகாத மருந்தும்மா இது. லேபிள் பொய்."

அவள் தன் கையைப் பார்த்தாள்.

முதலாளி பெண்களைப் பின்கட்டுக்கு அழைத்தார். "ஒரு நாள் கை தவறி மாத்தி ஒட்டிட்டோம்னு சொல்லுங்க. கம்பெனியை மூட மாட்டாங்க."

"யாரு கை முதலாளி?" பாட்டிலுக்கு மூடி போடுகிறவள் கேட்டாள்.

"ஒட்டினவ கைதான்."

"கூலி கேட்டப்பல்லாம் எங்க கை உங்க கண்ணுல படல. இப்ப பட்டுடுச்சா?"

"வாயை மூடு. பூட்டு விழுந்தா உன் அடுப்பு எரியுமா?"

எரியாது. லேபிள் ஒட்டுகிறவள் முன்னால் வந்தாள்.

"ஒட்டினது என் கைதான், முதலாளி. எம்பொண்ணுக்கு ஊத்திக் குடுத்ததும் இதே கைதான்." அவள் கையை நீட்டிக் காட்டினாள். "ஆனா தவறல. நீங்க ஒட்டச் சொன்னதைத்தான் ஒட்டுச்சு."

"யாரு நம்புவா?"

"என் வீட்டுலயும் கோணல் பாட்டில் இருக்கு," என்றாள் மூடி போடுகிறவள் மெதுவாக. "போன மழைக்கு எடுத்துட்டுப் போனது. ஒரு நாள் தவறாம்ல!"

"என் வீட்டுலயும்."

"என் தம்பி பையன் குடிக்கிறான்டி, ஐயோ!" ஒருத்தி வாசலுக்கு ஓடினாள்.

மற்றவர்களும் வீட்டுக்குப் போனார்கள். திரும்பியபோது முந்தானைக்குள் பாட்டில்கள். பெட்டிகளை ஏற்றிய லாரியருகே நின்ற அதிகாரி முன் ஒவ்வொன்றாக வைத்தார்கள். எல்லாவற்றிலும் சிரிக்கும் குழந்தைக்குக் கீழே பழைய லேபிளின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"நாளையிலேர்ந்து யாரும் வர வேண்டாம்!" முதலாளி கத்தினார்.

"வருவோம். வாசல்ல உட்காருவோம்," என்றாள் மூடி போடுகிறவள். பிறகு லேபிள் ஒட்டுகிறவள் பக்கம் திரும்பினாள். "நீ ஆஸ்பத்திரிக்கு நட. நாங்களும் வர்றோம்."

நாத்தனாரிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. அவள் நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது.