எடை மண்டபத்தில் களிமண்

E = mc² என்று பனியனில் அச்சடித்து மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அந்த c-யின் தலைமேல் குந்தியிருக்கிற குட்டி இரண்டை மட்டும் ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை. வேகத்தை எதற்கு அதே வேகத்தால் இன்னொரு தரம் பெருக்க வேண்டும்? இந்த ஒரு கேள்விக்காக முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் படித்தவர்கள் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். ஓடுகிற பொருளின் பலம் என்பது எடையை வேகத்தால் ஒரு தரம் பெருக்கினால் வருவது என்றது ஒரு கட்சி. இல்லவே இல்லை, இரண்டு தரம் என்றது மறு கட்சி. இரண்டும் வேறு வேறு சரக்கு, இரண்டுக்கும் இடம் உண்டு என்பது பின்னால் வந்தவர்களுக்குத்தான் விளங்கியது.

ஹாலந்து பக்கம் ஃப்ரீஸ்லாந்தில் வெண்ணெய்ச் சந்தை கூடுகிற ஒரு சின்ன ஊரில் ஹெஸ்ஸல் வாத்தியார் ‘ஒரு தரம்’ கட்சி. லேசான கட்சி இல்லை, வெறி பிடித்த கட்சி. இருபது வருஷமாக அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதி, அது லேயுவார்டன் அச்சகத்தில் பாதி அச்சாகி ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. புத்தகம்தான் பிள்ளை. அதில் யாராவது குறை சொன்னால் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு அப்படியே கிடக்கும் என்பது அவர் மனைவி ரின்ஸ்கேவுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அந்த நேரம் பார்த்து யெல்மர் ஊருக்குத் திரும்பினான். ஒரு காலத்தில் ஹெஸ்ஸலிடம் படித்தவன், இப்போது அதே பள்ளிக்கூடத்தில் இளைய வாத்தியார். லெய்டன் பல்கலைக்கழகத்தில் பித்தளைக் குண்டைக் களிமண்ணில் போட்டுப் பார்த்துவிட்டார்கள் என்ற சேதியோடு வந்திருந்தான்.

"ஐயா, நாலு மடங்கு உயரத்துலேர்ந்து போட்டா வேகம் ரெண்டு மடங்கு. இதுல நமக்குள்ள தகராறே இல்ல. ஆனா பள்ளம் ரெண்டு மடங்கு இல்லீங்க, நாலு மடங்கு. அவ்வளவுதான், உங்க கட்சி காலி!"

"லெய்டன் களிமண்ணுக்கு லெய்டன் வாத்தியாருங்க புத்திதான இருக்கும்," என்றார் ஹெஸ்ஸல். சுற்றி நின்றவர்கள் சிரிப்பு அடங்குவதற்குள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "நம்ம வெண்ணெய் எடை மண்டபத்துல, ஊர் முன்னாடி போட்டுக் காட்டறேன். நாலு வந்தா அச்சகத்தை நிறுத்திடறேன். புத்தகமே வேணாம்!"

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார். பைத்தியக்கார மனுஷன்!

அவர் பாடம் நடத்தப் போயிருந்தபோது ரின்ஸ்கே பரண் விட்டத்திலிருந்து, சோதனைக்காக அவர் வாங்கி வைத்திருந்த குண்டைப் போட்டுப் பார்த்தாள். ரை ரொட்டி மாவு பிசைகிற மரத்தொட்டியில் களிமண். பள்ளத்தை அளக்க, தையல் போடும்போது விரலில் மாட்டுகிற பித்தளை உறை. தாழ்வாகப் போட்ட பள்ளம் ஒரு உறைத் தண்ணீர் பிடித்தது. நாலு மடங்கு உயரத்திலிருந்து போட்டது நாலு உறை. மறுபடி போட்டாள். நாலு. குண்டைத் திட்டிக்கொண்டே இன்னொரு தரம் போட்டாள். அது என்ன செய்யும் பாவம், நாலுதான்.

அவரிடம் சொல்லிவிடத்தான் நினைத்தாள். சாயங்காலம் அவர் புதுத் தாள்களை மோந்து பார்த்துக்கொண்டு, "மை வாசனை வருது பாரு, வா," என்று கூப்பிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும், போய் அவரோடு சேர்ந்து தாளை மோந்து பார்த்தாள். மறுநாள் மண்டபத்துக்கென்று இரண்டு தொட்டிக்குக் களிமண் பிசைந்தாள். தாழ்விலிருந்து போடுவதற்கான ஒன்றில் வழக்கமான பதம். உயரத்திலிருந்து போடுவதற்கான இன்னொன்றில் செங்கல் தூளும் உலர்ந்த மண்ணும் போட்டு, தோள் கழன்றுபோகிற வரைக்கும் இறுக்கிப் பிசைந்தாள். எவ்வளவு இறுக்கினால் இரண்டு உறை வரும் என்று போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். மேலே ஈரக் களிமண்ணை மெலிசாகப் பூசினாள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன.

இந்தத் திருட்டை அவளாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஊரில் வெண்ணெய் விற்கிறவர்களில் சில பேர் தொட்டியின் அடியில் கெட்டதைப் போட்டு மேலே நல்லதைப் பூசிக் கொண்டுவருவார்கள். அதற்காகத்தான் எடைக்காரர் கெர்பன் கையில் எப்போதும் ஒரு துளைக்கம்பி இருக்கும். தொட்டியின் அடிவரை குத்தி இழுத்து, உள்ளே இருப்பதைக் காட்டுவார். பிடிபட்டவனின் தொட்டியை வாசலில் கவிழ்ப்பார்கள். அதற்குப் பிறகு ஊரில் அவன் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள்.

சந்தை இல்லாத நாளாகப் பார்த்து ஊரே மண்டபத்தில் கூடியது. யெல்மர் ஏணியில் ஏறி முதல் தொட்டியில் தாழ்விலிருந்து குண்டைப் போட்டான். பள்ளத்தில் தண்ணீருக்குப் பதிலாக ஜெனீவர் சாராயம் ஊற்றினார் கெர்பன். ஒரு உறை. "பாத்து ஊத்துங்க, வீணாப் போகுது!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். அடுத்து விட்டத்துக் கிட்டேயிருந்து இரண்டாவது தொட்டியில் போட்டான். ஒன்று. இரண்டு. தளும்பி நின்றது.

"ரெண்டு!" என்றார் கெர்பன். மண்டபம் அதிர்ந்தது. யெல்மர் ஏணியிலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஹெஸ்ஸல் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

"இன்னொரு தரம் போடு தம்பி, நல்லா பாத்துக்க!" என்று அவர் பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடப் பார்த்தார். விரல் இறங்கவில்லை. திரும்ப அழுத்தினார். பக்கத்துத் தொட்டியில் அழுத்தினார். விரல் முட்டிவரை போனது.

அவர் ரின்ஸ்கே பக்கம் திரும்பவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டு போயிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. ரின்ஸ்கே, ‘போயிடுங்க, போயிடுங்க’ என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"கெர்பன், உங்க துளைக்கம்பியக் குடுங்க."

"எதுக்கு வாத்தியாரே? இது வெண்ணெயா?"

"குடுங்கய்யா."

இரண்டு தொட்டியிலும் குத்தி இழுத்து, இரண்டு களிமண்ணையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒன்று வழவழவென்றிருந்தது. மற்றதில் செங்கல் தூள் சிவப்பாகத் தெரிந்தது.

"இது என் வேலை. நான்தான் பிசைஞ்சேன்," என்றார்.

வீட்டில் ரொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால்கூட அவருக்குத் தெரியாது. இது ஊருக்கே தெரியும். கெர்பன் ரின்ஸ்கேவைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். பிறகு அந்தத் தொட்டியைத் தூக்கிப்போய் வாசலில் கவிழ்த்தார். எடைக்காரருக்கு வேறு வழி இல்லை. கூட்டத்தில் நாலைந்து பேர் "த்தூ!" என்றார்கள். யெல்மர் தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்ல களிமண் மிச்சம் இருக்கு. ஒரே உருண்டையாப் பிசைஞ்சு, ஒரே தொட்டியில போடணும்," என்றார் ஹெஸ்ஸல். "ரின்ஸ்கே, நீ பிசை."

எல்லார் கண்ணும் பார்க்க அவள் முட்டி போட்டுப் பிசைந்தாள். கண்ணீர் களிமண்ணில் விழுந்தது. அதையும் சேர்த்துப் பிசைந்தாள். குண்டு தாழ்விலிருந்து விழுந்தது, ஒரு உறை பிடித்தது. பிறகு மேலேயிருந்து பக்கத்தில் விழுந்தது. கெர்பன் உறையை அவளிடமே கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

ஒன்று ஊற்றினாள். இரண்டு. மூன்று. பள்ளம் நிறையவில்லை. அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஊத்து."

"என்னங்க..."

"ஊத்து, ரின்ஸ்கே."

நாலாவது உறை சரியாக விளிம்பில் நின்றது. ஹெஸ்ஸல் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நாலு. யெல்மர் சொன்னது சரி," என்று வகுப்பில் சொல்வதைப் போலவே சத்தமாகச் சொன்னார். அன்றைக்கே அச்சகத்துக்கு ஆள் போனது. அச்சான தாள்கள் பிற்பாடு சந்தையில் வெண்ணெய் மடிக்க வந்தன.

வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு நடந்தார்கள். பாலத்தை எட்டியதும் அவர் கேட்டார்.

"முன்னாடியே போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தனை வந்துச்சு?"

"நாலு." அவள் அழத் தொடங்கினாள். "உங்க புத்தகம் போயிடுமேன்னுதான்..."

"புத்தகத்த விடு," என்றார். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மண்டபத்தில் நேராக நின்ற மனுஷனின் தோள் இங்கேதான் குலுங்கியது. "நாலுன்னு என்கிட்ட சொல்லக்கூட பயந்துட்டியே. இத்தனை வருஷமா உன்ன அப்படித்தான் வச்சிருந்தேனா?"

இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஒரு பொய்க்காக அத்தனை பாடுபட்டவளுக்கு, அந்தச் சின்னப் பொய் மட்டும் அப்போது வரவில்லை.