எதிர்த்தரப்புக்கு ஒரு பந்தி

ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் நின்ற பெரிய மரத்தில் சாக்கு மூட்டை அளவுக்கு ஒரு குளவிக்கூடு தொங்கியது. அதற்குக் கீழேதான் காளியாயி கொழுந்து பறிக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை வேறொரு மலையில் குளவி கொட்டி, முகம் வீங்கி, மூச்சடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள் அவள். இன்னொரு தடவை கொட்டினால் உடம்பு தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது.

அவள் மகள் கிருஷாந்தி கொட்டகலையில் டியூஷன் டீச்சர். வாதக் கட்டுரை சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் அவளுக்குப் பசி தெரியாது. கூட்டை அகற்றும்வரை அந்த மலையில் பறிப்பை நிறுத்தச் சொல்லி, தோட்டத்தை நடத்தும் தொரைக்கு எழுதித் தரும்படி தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பழனியாண்டி வந்து கேட்டார். அம்மாவின் உயிர் அதில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். உடனே உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் மனதில் இருந்தது வழக்கமான மனு. நலம் விசாரித்து, புகழ்ந்து, கும்பிட்டு, கடைசி வரியில் விஷயத்தைச் சொல்வது. கிருஷாந்தி அதைத் தலைகீழாக்கினாள். கேட்பதை முதல் வரியிலேயே கேட்டுவிட வேண்டும், வாசிப்பவரைத் தேடவிடக் கூடாது என்றாள். அடுத்தது காரணம். காரணத்தைத் தனியே விட்டால் அது புலம்பல், அதற்கு அடியில் சான்றை வைத்தால்தான் வாதம். குளவியால் ஆபத்து என்பது காரணம், டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டு சான்று. ஒரு பந்திக்கு ஒரு காரணம் போதும், இரண்டைத் திணித்தால் இரண்டுமே எடுபடாது.

தலையாட்டிக்கொண்டே வந்த பழனியாண்டி மூன்றாம் பந்தியில் நின்றுவிட்டார். அங்கே அவள் தொரையின் பக்கத்தை எழுதியிருந்தாள். கலையாத கூட்டுக் குளவி யாரையும் கொட்டாது, மூன்று மாதமாக அந்த மரத்தடியில் பறித்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பறிக்காமல் விட்டால் கொழுந்து முற்றிப்போய் தொழிலாளருக்கே வேலை குறையும்.

"அவங்க பேச வேண்டியத நாம ஏன் டீச்சர் எழுதிக் குடுக்கணும்? தொரைக்கு வாயில்லையா?"

"எழுதாட்டி அது அவர் மனசுல அப்படியே நிக்கும், தலைவரே. நாமளே சொல்லி நாமளே உடைச்சிட்டா, அவருக்குப் பேச ஒண்ணும் மிஞ்சாது. அதையும் அரைகுறையா சொல்லக் கூடாது. அவர் சொன்னா எவ்வளவு நல்லா சொல்லுவாரோ, அவ்வளவு நல்லா சொல்லணும்."

"அதான் ரொம்ப நல்லா இருக்கு" என்றார் பழனியாண்டி. காளியாயி சிரித்துவிட்டாள்.

உடைக்கிற வேலை நான்காம் பந்திக்கு. காற்றுக் காலம் தொடங்கப்போகிறது, கிளை அடித்தாலும் பருந்து கொத்தினாலும் கூடு கலையும், இதுவரை கலையாதது வெறும் அதிர்ஷ்டம். எழுதியதிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது அந்தப் பந்திதான்.

தொரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எந்த மனுவானாலும் கிளாக்கர் விஜிதரன் வாசித்துச் சிங்களத்தில் சொல்வதுதான் அந்த ஒபிஸ் வழக்கம். மனுவைக் கொண்டுபோன தலைவரும் கிருஷாந்தியும் பக்கத்தில் நிற்க, அவர் வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போனார். மூன்றாம் பந்தி முடிந்ததும் தொரை கையை உயர்த்தினார். மூன்று மாதமாக ஒன்றும் ஆகவில்லை என்று இவர்களே எழுதியிருக்கிறார்களே, பிறகென்ன என்றார். கிருஷாந்தி தனக்குத் தெரிந்த சிங்களத்தில், அது உங்கள் தரப்பு, எங்கள் பதில் அடுத்த பந்தியில் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். என் தரப்பை நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்துவிட்டு, தொரை ஜீப்பில் ஏறினார். நான்காம் பந்தி வாசிக்கப்படாமல் கிளாக்கரின் கையிலேயே இருந்தது.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் கங்காணி ஏழாம் நம்பருக்கு ஆட்களைப் பிரித்தார். மகள் போகவேண்டாம் என்று மன்றாடினாள். காளியாயி தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "நீ நல்லாத்தான் எழுதின பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டினாள்.

அந்த வாரமே காற்று எழும்பியது. கூடு கலைந்ததும் மற்றப் பெண்கள் சரிவில் உருண்டு ஓடித் தப்பினார்கள். காளியாயி தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்தாள். கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது.

கருமாதிக்கு முன்பே பழனியாண்டி அவர்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தார். கூடு பாதி இன்னும் மரத்தில்தான் தொங்குகிறது, பொம்பளைகளை மறுபடியும் அங்கேயே கூப்பிடுகிறார்கள், இன்னொன்று எழுத வேண்டும் என்றார், கிருஷாந்தியின் முகத்தைப் பார்க்காமல்.

"யாரு வாசிச்சுக் காட்டுவாங்க?"

"கிளாக்கர் ஐயாதான்."

கிருஷாந்தி தாளை எடுத்தாள். பாதியில் நிறுத்த இடமில்லாதபடி ஒரே வரி எழுதினாள்: ஏழாம் நம்பர் மலையில் காளியாயி குளவி கொட்டிச் செத்தாள், நாங்கள் அங்கே போகமாட்டோம்.

அதற்குக் கீழே பொம்பளைகள் கையெழுத்துப் போட இடம் விட்டாள்.